ஆயத்தக் கூட்டத்தில் கேட்ட கேள்வி

என் மக்களே,

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பிட்டு எழுந்ததும் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதத் தொடங்கினால் உங்கள் முகம் வாடிப்போகிறது. "அப்பாவுக்குக் கோயில் உண்டு, கதை உண்டு, நமக்கு மிஞ்சினது உண்டு" என்று உங்களில் ஒருவர் அடுக்களையில் சொன்னது என் காதில் விழுந்தது. யார் என்று கேட்கப்போவதில்லை. சொன்னதில் பொய்யும் இல்லை. ஆனால் கோயிலும் கதையும் எனக்குள்ளே சமாதானமாக இருந்துகொண்டு உங்களை மட்டும் வெளியே தள்ளுகின்றன என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டும் நேருக்கு நேர் நின்று, இதுவா அதுவா என்று என்னைப் பிடித்து உலுக்கிய ஒரு வாரம் உண்டு. யுத்த காலம் அது. உங்களில் மூத்தவளுக்கு மட்டும் கொஞ்சம் ஓர்மை இருக்கலாம். மற்றவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைப்புக்காகத் திருவனந்தபுரம் வந்து, சாலைக் கடைத்தெருவில் ஒரு இரும்புக்கடையில் கணக்கப்பிள்ளையானேன். இங்கே நம்முடைய தமிழ்ச் சபையில் ஓய்வுநாள் பள்ளியைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்மேல் விழுந்தது. பிறகு புதன்கிழமை வீட்டு ஜெபம், சனிக்கிழமை கைப்பிடி அரிசி சேர்க்கிற வேலை, கர்த்தருடைய பந்தி நடக்கிற ஞாயிறுகளில் அப்பத் தட்டை வரிசை வரிசையாகக் கொண்டுபோகிற வேலை, இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேர்ந்தது. எழுத எனக்கு இருந்தது விடிந்து கடைக்குப் புறப்படும் வரையுள்ள நேரம்தான். மண்ணெண்ணெய் கிடைக்காத நாளானதால், வெளிச்சம் ஜன்னலுக்கு வந்த பிறகே பேனாவைத் தொட முடியும்.

எங்கள் கடை முதலாளி ஸ்ரீவராகம் தெருப்பக்கத்துக்காரர், நல்ல மனுஷர். ஞாயிறு முழுதும் சனி பாதியும் எனக்கு விட்டுத் தருவார். "ஓய், உமக்கு வாரத்துல ஒண்ணரை நாள் உங்க சாமிக்கு, மிச்சம் எனக்கு. இந்தக் கதை எழுதுறது யார் கணக்குல ஓய் வருது?" என்று கேட்பார். நானும் சிரிப்பேன். விடை தெரியாததால்தான் சிரித்தேன்.

அந்த நாளில் நம் ஜனங்களுக்குக் கதை என்றாலே ஒரு கூச்சம். இல்லாததை உண்டு என்று எழுதுகிறவன் பொய்யனுக்கு ஒரு படி கீழே நிற்கிறவன் என்று மூத்தவர்கள் சொல்லுவார்கள். அதனால் சபைப் பத்திரிகையில் நான் எழுதினதெல்லாம் நடந்த சங்கதிகளே. பெயரையும் ஊரையும் மாற்றுவேன், நடந்ததை மாற்ற மாட்டேன். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் அவற்றைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நாகர்கோவிலில் ஒரு அச்சுக்கூடத்தார் புத்தகமாகப் போட முன்வந்தார்கள். நம்முடைய ஐயர், அதாவது சபைப் போதகர், இரண்டு நிபந்தனை வைத்தார். முகப்பில் "மெய்யாய் நடந்தவை" என்று போட வேண்டும். அச்சாகிற முன்னே தாள்களை அவர் ஒருமுறை பார்க்க வேண்டும். இரண்டுக்கும் சம்மதித்தேன். என் எழுத்து புத்தகமாவது அதுவே முதல் முறை. அதற்குமேல் நான் ஒன்றும் யோசிக்கவில்லை.

கைப்பிடி அரிசியைப்பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, நம் வீட்டிலும் பானை இருக்கிறது. ஆனால் யுத்தத்தின்போது அது எவ்வளவு பாரமாக இருந்தது என்று நீங்கள் அறியமாட்டீர்கள். பர்மா அரிசி நின்றுபோயிற்று. ரேஷன் அரிசி வாரத்தின் பாதிக்குக்கூடக் காணாது, மீதி நாளெல்லாம் மரச்சீனிக்கிழங்குதான். அப்படியிருந்தும் உலைக்கு அரிசி கழுவும் முன்னே ஒவ்வொரு வீட்டுக்காரியும் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு வந்தாள். சனிக்கிழமை மத்தியானம் நான் சாக்கோடு தம்பானூர் பக்கத்து வீடுகளுக்குப் போவேன். அரிசியை வாங்கி, விசேஷம் கேட்டு, ஜெபம் பண்ணிவிட்டு அடுத்த வீடு. சேர்ந்த அரிசி சபையிலுள்ள விதவைகளுக்கும், கண் தெரியாத ஒரு கிழவருக்கும் போகும்.

அந்த வரிசையில் ஒரு வீடு நம் சபைப் பாட்டுக்காரருடையது. ஆராதனையில் ஆர்மோனியம் வாசித்துப் பாட்டு நடத்துகிறவர். பிழைப்புக்கு ஒரு முதலாளியின் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தார். பெட்ரோல் இல்லாமல் பஸ் நின்றதும் வீட்டில் உட்கார்ந்தார். ஒரு மழைக்காலம் முழுதும் வேலை இல்லை. பிறகு தண்ணீர்க்குழாய் பொருத்துகிற இடத்தில் ஒரு வேலை கிடைத்தது. அந்த மழைக்காலத்திலும் சனிக்கிழமைதோறும் அவர் மனைவி எனக்குக் கொஞ்சமாவது அரிசி தந்தாள்.

வேலை கிடைத்து வெகுநாள் கழிந்து ஒரு சனிக்கிழமை, அந்தத் தங்கச்சி சாக்கில் அரிசியைக் கொட்டிவிட்டு உள்ளே போகாமல் நின்றாள்.

"அண்ணே, பத்திரிகையில நீங்க எழுதுறதை உங்க வீட்டு மைனி பெண்கள் கூட்டத்துல வாசிப்பாங்க, கேப்பேன். அதுல வாற எல்லாரும் நல்லவங்களாட்டே இருக்காங்க. கேட்டுட்டு வீட்டுக்கு வந்தா, நமக்கு அங்க எடமில்லன்னு தோணுது."

"அப்படிச் சொல்லாதே பிள்ளே. ஏன்?"

அப்போது சொன்னாள். வேலை இல்லாத அந்த மழைக்காலத்தில் கைப்பிடி அரிசிப் பானையிலிருந்தே எடுத்துக் கஞ்சி வைத்திருக்கிறாள். எனக்குத் தந்தது மிச்சம் வைத்தது. வேலை கிடைத்த பிறகு ஒரு கைப்பிடிக்குப் பதில் இரண்டு கைப்பிடியாகப் போட்டு ஈடு செய்துவிட்டாள். வீட்டுக்காரருக்கு இது தெரியாது.

"இதை எழுதுங்க அண்ணே. பேரு மட்டும் வேண்டாம். என்னைப்போல இன்னும் யாராவது இருந்தா அவளுக்கு ஒரு தைரியம் வரும், கேட்டோ."

நான் எழுதினேன். ஊரை மாற்றினேன், வீட்டை மாற்றினேன், பஸ்ஸைப்பற்றி ஒரு சொல் போடவில்லை. புருஷனுக்குப் பிழைப்பு போன காலம் என்று மட்டும் எழுதினேன். அதுவரை நான் எழுதியதில் இதுவே நன்றாக வந்தது என்று எனக்குத் தெரியும். புத்தகத்தின் நடுவில் அதை வைத்தேன்.

அச்சுக்கூடத்திலிருந்து திருத்தத்துக்கு புரூப் தாள்கள் வந்தன. கூடவே ஒரு சீட்டு. காகிதம் கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது, உங்களுக்காக எடுத்துவைத்ததை அடுத்த வாரம் கழிந்து வரும் திங்கட்கிழமை பஸ்ஸில் தாள்கள் திரும்பி வரும் வரைதான் வைத்திருப்போம், பிந்தினால் வேறு வேலைக்குக் கொடுத்துவிடுவோம் என்று எழுதியிருந்தார்கள். சொன்னபடி தாள்களை ஐயரிடம் பார்க்கக் கொடுத்தேன்.

ஐயர் இளகின மனசுக்காரர். அரிசிக் கதையை வாசித்து அழுதிருக்கிறார். அழுகிறவர் பேசாமல் இருக்கலாம் அல்லவா? அந்த ஞாயிறு பிரசங்கத்தில் அதை எடுத்துச் சொன்னார். நான் எழுதியதைவிட நன்றாகச் சொன்னார். சொல்லி முடித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இப்படிப்பட்ட ஒரு சகோதரி தூர தேசத்தில் இல்லை, நம்முடைய இந்தச் சபையிலேயே இருக்கிறாள் என்று எண்ணுகிறேன்" என்றார்.

யாரிடமும் அவர் கேட்கவில்லை. நான் சேர்த்த அரிசி, ஆதலால் நம் சபைதான் என்று தாமே ஊகித்திருக்கிறார். நல்ல எண்ணத்தில் சொன்ன வார்த்தை. ஆனால் நம் சபை எவ்வளவு பெரியது? யார் வீட்டில் புருஷனுக்கு வேலை போயிற்று என்பதை எண்ணிப் பார்க்க யாருக்கும் நேரம் பிடிக்கவில்லை. பாயில் இருந்த பெண்களின் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. பிரசங்கம் முடிந்ததும் பாட்டு வர வேண்டும். வரவில்லை. பாட்டுக்காரர் கட்டைகள்மேல் விரலை வைத்தபடியே இருந்தார். ஐயர் இரண்டு தரம் இருமின பிறகுதான் ஆர்மோனியம் சத்தம் கொடுத்தது.

அன்று வாசலில் அவர் என்னைத் தாண்டிப் போனார், என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தத் தங்கச்சி முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு அவர் பின்னே போனாள்.

புதன்கிழமை கடைக்கு ஒரு ஆள் வந்தார். சபைக் கமிட்டியில் மூத்தவர், தாலுகா கச்சேரியில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர். கைப்பிடி அரிசியைப் பங்கு வைப்பது அவர் பொறுப்பு. இரும்புக் கம்பிகளுக்கு நடுவே நின்றுகொண்டு, குடையை ஊன்றியபடி பேசினார்.

"ஓய், நான் கேக்கப்போறதை முன்கூட்டியே சொல்லிப்போடுதேன். சனிக்கிழமை ஆயத்தக் கூட்டத்தில எழுப்புவேன். அந்தக் கதை மெய்யா, கற்பனையா?"

ஆயத்தக் கூட்டம் உங்களுக்குத் தெரியும். பந்திக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் கூடுவோம். ஒருவர்மேல் ஒருவருக்குக் குறை இருந்தால் அங்கே சொல்லித் தீர்த்துவிட்டுத்தான் மறுநாள் அப்பத்தையும் பாத்திரத்தையும் தொட வேண்டும். தீராவிட்டால் குறையுள்ளவரைப் பந்தியில் சேர்க்காமல் நிறுத்திவைப்பார்கள். எல்லாரும் பார்க்கப் பின் பெஞ்சில் இருக்க வேண்டும்.

"மெய்யானால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

"பேரைச் சொல்லணும். அவளை நிறுத்திவைக்கணும். தப்பை அறிக்கை பண்ணினா அடுத்த பந்தியில சேக்கலாம்."

"அவள் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டுவிட்டாளே!"

"ஓய், அந்த மழையில நான் அரிசியைப் பங்கு வச்சேன். கண்ணு தெரியாத கிழவன் சாக்கைத் தடவிப் பாத்துட்டு, 'இவ்வளவுதானா ஐயா'ன்னு கேட்டான். பெறகு போட்ட அரிசி அந்த வாரத்துப் பசிக்கு ஆகுமா? நீர் கதை எழுதுறீர். நான் அவன் முகத்தைப் பாத்தேன்."

அவர் கல் நெஞ்சுக்காரர் அல்ல, மக்களே. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவள் கிழங்கு தொலித்துக்கொண்டிருந்தாள்.

"இதுல என்ன யோசனை? கற்பனைன்னு சொல்லிருங்க. எல்லாம் தீந்துது."

"பந்திக்கு முந்தின நாள், சபை நடுவில் நின்று பொய் சொல்லச் சொல்கிறாயா?"

"அவ பேரைச் சொல்றதுக்கு அது பரவாயில்ல."

"முகப்பில் மெய்யாய் நடந்தவை என்று போட்டிருக்கிறதே? அங்கே கற்பனை, இங்கே மெய்யா? ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் முகத்தில் எப்படி விழிப்பேன்?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "புத்தகம், புத்தகம்! அவ ஞாயித்துக்கிழமை பந்தியில இல்லைன்னா, பக்கத்துப் பாயில இருக்கிற நான் எப்படி அப்பத்தை வாயில வைப்பேன்? அதைச் சொல்லுங்க முதல்ல."

நான் எழுந்து, ஐயரிடமிருந்து வாங்கி வந்திருந்த புரூப் தாள்களை எடுத்துவைத்துக்கொண்டேன். அந்த வாரம் ஒரு விடியற்காலமும் என்னால் திருத்த முடியவில்லை. எழுத்து கண்ணில் படும், மனதில் ஏறாது. திங்கள் பஸ் நெருங்கிக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் சாக்கோடு போனேன். அந்த வாரம் சில வீடுகளில் விசேஷம் கேட்டதற்கு, "ஒண்ணும் இல்ல, சுகம்" என்று வாசலிலேயே அரிசியைக் கொட்டிவிட்டு நகர்ந்தார்கள். ஒரு வீட்டில், "எழுத ஏதாச்சும் கிடைக்குமான்னு பாக்க வந்தீரா அண்ணாச்சி?" என்று ஒரு அம்மாள் சிரித்துக்கொண்டே கேட்டாள். சிரிப்புத்தான். ஆனால் அன்று அவள் ஜெபத்துக்குப் பாய் போடவில்லை.

பாட்டுக்காரர் வீட்டில் உள் அறையில் செருமல் சத்தம் கேட்டது, அவர் வெளியே வரவில்லை. தங்கச்சி அரிசியைக் கொட்டினாள். எப்போதும் போல நிறையவே இருந்தது. குரலைத் தாழ்த்தி, "அண்ணே, எனக்காகப் பொய் சொல்லாண்டாம். ஆனா பேரும் சொல்லாண்டாம். நாளைக்கு எனக்குப் பந்திக்கு வரணும்" என்றாள்.

மூன்றையும் எப்படி ஒன்றாகச் செய்வது என்று நான் கேட்கவில்லை. சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

சாயங்காலம் கோயிலில் வழக்கத்தைவிட அதிகம் பேர். பெண்கள் இடப்பக்கம் பாயில், ஆண்கள் வலப்பக்கம் பெஞ்சில். பாட்டுக்காரர் ஆர்மோனியத்தை மூடிவைத்து அதன்மேல் கையை ஊன்றியிருந்தார். ஐயர் ஜெபம் பண்ணி, "யாருக்காவது யார்மேலாவது மனத்தாங்கல் உண்டானால்" என்று வழக்கம்போல் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பல தடவை ஒருவரும் எழும்புவதில்லை. அன்று பென்ஷன்காரர் எழும்பினார்.

"எனக்கு யார்மேலும் கோபம் இல்லை ஐயரே. ஒரு விவரம் தெரியணும், அவ்வளவுதான். போன வாரம் பிரசங்கத்தில கேட்ட கதை, நம்ம ஓய்வுநாள் பள்ளித் தலைவர் எழுதினது. மெய்யா, கற்பனையா? மெய்யானா தேவனுக்கென்று வைத்த அரிசியை ஒருத்தி எடுத்திருக்கா. சபை விசாரிக்கணும்."

ஐயரின் முகம் வெளுத்தது. அப்போதுதான் தம்முடைய வார்த்தை எங்கே வந்து நிற்கிறது என்று அவருக்குப் புரிந்தது போலும். "நான் அதை ஒரு நல்ல சாட்சியாகத்தான்..." என்று தொடங்கினார்.

"சாட்சிதான். அதனாலதான் கேக்கேன்."

நான் எழுந்து நின்றேன். அப்போது பாயிலிருந்து ஒரு குரல். உங்கள் அம்மா. பெண்கள் கூட்டத்தில் வாசிக்கிற குரல்தான், ஆனால் ஆண்கள் இருக்கிற கூட்டத்தில் அவள் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

"ஒரு சந்தேகம். அந்த அரிசி எப்போ தேவனுடையதா ஆகுது? கைப்பிடிக்குள்ள இருக்கையிலயா, பானைக்குள்ள விழுந்தப்பவா, சாக்குக்குள்ள போனப்பவா?"

பென்ஷன்காரர் திரும்பிப் பார்க்காமலே, "பானையில விழுந்த உடனே" என்றார்.

"அப்போ எங்க வீட்டுப் பானையில போன மாசம் எலி தின்னுது. அதையும் பந்திக்கு நிறுத்திவைக்கணும் அல்லே?"

பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. ஆண்களிலும் இரண்டொருவர் துண்டால் வாயை மூடினார்கள். ஐயர்கூடத் தலையைக் குனிந்துகொண்டார். பென்ஷன்காரர் மட்டும் அசையவில்லை. சிரிப்பு அடங்கும் மட்டும் நின்றார்.

"எலிக்கு ஞானஸ்நானம் கொடுக்கலை அம்மா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒரே வார்த்தை போதும். மெய்யா, கற்பனையா?"

நான் அந்தப் பக்கம் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். நான் எந்தப் பாயைப் பார்க்கிறேன் என்று எல்லாருடைய கண்ணும் காத்திருந்தது. மேலே கூரை உத்திரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினேன்.

"நான் அரிசி வாங்கப் போகிற வீடுகளில் கேட்டதை எந்தக் கூட்டத்திலும் சொல்ல மாட்டேன். மெய் என்றும் சொல்ல மாட்டேன், கற்பனை என்றும் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த சனிக்கிழமை எனக்கு எவர் கதவைத் திறப்பார்கள்?"

"கூட்டத்தில சொல்ல மாட்டீர். புத்தகத்தில சொல்வீரோ?"

அவர் சத்தம் போட்டுக் கேட்கவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். அவள்தான் எழுதச் சொன்னாள் என்று சொல்லலாம், ஆனால் அதைச் சொன்னால் அவள் உண்டு என்று சொன்னதாகிவிடும்.

கடைசியில், "குறை இருந்தால் என்மேல் இருக்கட்டும். எழுதினது நான். என்னை நிறுத்திவையுங்கள்" என்றேன்.

"பிரசங்கத்தில் எடுத்தது நான்" என்று ஐயர் சொன்னார். ஆனால் போதகரை யார் நிறுத்திவைக்க முடியும்? பந்தி நடத்த வேண்டியவர் அவர்தான்.

கமிட்டிக்காரர்கள் ஒரு மூலையில் கூடிப் பேசினார்கள். முடிவைப் பென்ஷன்காரர் சொன்னார். கேட்டதற்குப் பதில் சொல்லாததால் மறுநாள் நான் பந்திக்கு வரக்கூடாது, தட்டும் எடுக்கக்கூடாது. பெயர் சொல்லப்படாததால் வேறு யாரையும் சபை விசாரிப்பதற்கில்லை. "ஆனா அது மெய்யின்னு மேல எழுதி அச்சில வந்தா, சபைக்குக் கையெழுத்துப் போட்ட சாட்சி வந்ததா நான் எடுப்பேன். அப்போ பேரைக் கண்டுபிடிக்க யாரும் கஷ்டப்படாண்டாம்" என்றும் சேர்த்துச் சொன்னார்.

பாட்டுக்காரர் கடைசி வரை வாயைத் திறக்கவில்லை. முடிவுப் பாட்டுக்கு மட்டும் ஆர்மோனியத்தைத் திறந்தார்.

மறுநாள் பின் பெஞ்சில் இருந்தேன். உங்களில் இரண்டுபேர் என்னோடு இருந்தீர்கள், பந்திக்கு வயதாகாததால். அப்பா இன்று நம்மோடு இருக்கிறார் என்று உங்களுக்கு ஒரே சந்தோஷம். நான் எப்போதும் தட்டைக் கொண்டுபோகிற வரிசையில் வேறொருவர் போனார். அவருக்குப் பழக்கமில்லை, பாயின் ஓரத்தில் கால் இடறியது. தட்டு பெண்கள் பக்கம் போனபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகளும் முந்தானைகளும்தான். ஒரு முந்தானை தலையிலிருந்து நழுவாதபடி ஒரு கை பிடித்துக்கொள்ள, மறு கை தட்டுக்கு நீண்டது. அது அவள் கை என்று நான் எப்படி அறிந்தேனோ, அறிந்தேன். தட்டு பின் பெஞ்சுக்கு முன்னால் திரும்பிவிட்டது.

திங்கட்கிழமை காலையில் புரூப் கட்டைக் கடைக்குக் கொண்டுபோனேன். மத்தியான பஸ்ஸில் போக வேண்டும். அரிசிக் கதையை எடுப்பதா விடுவதா என்று அப்போதும் தீர்மானம் இல்லை. பாட்டுக்காரர் வேலைக்குப் போகிற வழியில் வந்தார். கையில் குழாய் முறுக்குகிற ஸ்பானர் இருந்தது. முதலாளி எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, காபி குடிக்க என்று எழுந்து போனார்.

"அண்ணே, அந்தத் தாளைக் காட்டுங்க."

கொடுத்தேன். நின்றபடியே வாசித்தார். உதடு அசைய, மெதுவாக. முடித்துவிட்டு ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"இங்க மூடின்னு எழுதியிருக்கு. பானைக்கு மூடி இல்ல. தேங்காச் சிரட்டை வச்சுத்தான் மூடியிருப்பா."

நான் அவரையே பார்த்தேன்.

"எனக்குத் தெரியாம தின்னேன்னு நெனச்சீங்களா? நான் பாட்டுக்காரன் அண்ணே, காதுதான் எனக்கு எல்லாம். அரிசி போடையில சிரட்டையைத் திருப்பி வைக்கிற சத்தம் கேக்கும். எடுக்கையில சத்தம் கேக்கப்பிடாதுன்னு பைய வைப்பா. சத்தம் கேக்காத நாள்ல எங்களுக்குக் கஞ்சி உண்டு. நான் பாயில படுத்துக்கிட்டு, இன்னைக்குச் சத்தம் கேக்கப்பிடாதேன்னு ஜெபம் பண்ணியிருக்கேன்."

"தம்பி, அவளிடம் சொன்னதில்லையா?"

"எனக்குத் தெரியாதுன்னு அவ நெனச்சுட்டிருந்தா. அவ அப்படி நெனச்சதாலதான் நானும் வீட்டுக்குள்ள ஒரு ஆம்பளையா நடமாடினேன். ஐயர் அதைச் சொன்னப்போ, இனி அவ முகத்தை எப்படிப் பாக்கதுன்னுதான் எனக்குக் கோபம். உங்கமேல இல்ல." ஸ்பானரை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "நேத்து பந்தி முடிஞ்சு வீட்டுக்குப் போனதும் ரெண்டுபேரும் சொல்லிக்கிட்டோம். அவ போடச் சொல்றா. நானும் போடுங்கன்னுதான் சொல்ல வந்தேன். சிரட்டைன்னு மாத்திப் போடுங்க."

"கமிட்டியில் மறுபடியும் எழுப்புவாரே?"

"எழுப்பட்டு" என்றார். படியிறங்கிப் போகும்போது ஸ்பானர் கதவில் தட்டியது.

அவர்கள் இரண்டுபேரும் போடச் சொன்னார்கள். நாளைக்குப் பெயர் வெளியே வந்தால் பின் பெஞ்சில் இருக்கப்போவது நான் அல்ல, அவள். பின் பெஞ்சு எப்படிப்பட்டதென்று எனக்கு முந்தின நாள்தான் தெரிந்தது. நூலை அவிழ்த்து, அரிசிக் கதை இருந்த தாள்களை உருவி எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கட்டினேன். அரிசிக் கதை நீக்கம், மிஞ்சும் இடத்தைப் பூ அலங்கார அச்சு வைத்து நிரப்பிக்கொள்ளவும் என்று ஒரு சீட்டு எழுதி வைத்தேன். தம்பானூரில் நாகர்கோவில் பஸ் கண்டக்டரிடம் கட்டைக் கொடுத்துவிட்டு வந்தேன். புத்தகம் அப்படியே வந்தது. அடுத்த பந்தியில் ஐயர் என்னைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார். பென்ஷன்காரர் பிறகு அந்தக் கேள்வியை எழுப்பவில்லை. சனிக்கிழமைகளில் சில கதவுகள் முன்போல் திறக்க வெகுநாள் பிடித்தது.

அந்தத் திங்கட்கிழமை நான் பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைக்குத் திரும்பியபோது முதலாளி சாப்பாட்டுக்குப் போயிருந்தார். கடையின் பின்னறையில், கம்பிக் கட்டுகள் அடுக்கியிருக்கிற இடத்தில், ஜன்னல் வெளிச்சம் விழுகிற ஒரு சாக்குமேல் உட்கார்ந்தேன். மடியிலிருந்த தாள்களை எடுத்து முழங்கால்மேல் விரித்தேன். "மூடி" என்ற சொல்லின்மேல் பென்சிலால் நேராக ஒரு கோடு இழுத்தேன். அச்சுக்கூடத்தாருக்குத் திருத்தம் எழுதுவது போலவே, ஓரத்தில், கோணாமல், ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகத் தெரியும்படி, "சிரட்டை" என்று எழுதினேன்.